பழைய பறவைத் தோல், பாலூட்டித் தோல் சேகரிப்புகளை ஆராய்வது எப்படி: நெல்லைப் பக்கத்து வழிகாட்டி

பாளையங்கோட்டை, அம்பை, தூத்துக்குடி, நாகர்கோவில் வட்டாரத்துப் பழைய கல்லூரிகளில் விலங்கியல் துறைக்குப் பின்னால் பூட்டிய ஓர் அறையோ, கண்ணாடி பீரோவோ இருந்தால், உள்ளே பஞ்சு அடைத்துப் பாடம் செய்த பறவைகள் (துறையில் இவற்றைத் தோல் என்பார்கள்), காலில் கட்டிய சீட்டு, பெட்டியில் மண்டையோடுகள் கிடக்க வாய்ப்பு உண்டு. அதை ஆராய உட்காரும் மாணவர்களும் இளம் காப்பாட்சியர்களும் முதலில் செய்வது எல்லா இடத்திலும் ஒன்றுதான்: பறவையைக் கையில் எடுத்து, இது என்ன இனம் என்று பார்க்கத் தொடங்குகிறார்கள். அது கடைசிக்கு முந்தைய வேலை. முதலில் சீட்டு, பிறகு தேதி, பிறகு ஊர், பிறகு ஆள். இனம் அப்புறம். இந்த வரிசை ஏன் என்பது போகப் போகப் புரியும்.

1. அனுமதியும் சட்டமும்

முதல்வரிடமோ நிர்வாகத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த அறை, எந்தப் பீரோ, படம் எடுக்கலாமா, படத்தை வெளியிடலாமா என்று நான்கையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். வாய்மொழி அனுமதி துறைத்தலைவர் மாறும்போது காற்றோடு போய்விடும்.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உயிருள்ள விலங்குக்கு மட்டுமல்ல, தோலுக்கும் கொம்புக்கும் மண்டையோட்டுக்கும் பொருந்தும். அதனால் எதையும் வீட்டுக்கோ வேறு கல்லூரிக்கோ எடுத்துப் போகாதீர்கள். இடம் மாற்ற வேண்டியிருந்தால் கல்லூரி வழியாக வனத்துறைக்கு எழுதி, பதில் வந்த பிறகு மாற்றுங்கள். நீங்கள் வேலை செய்வது தெரிந்ததும், தாத்தா சுட்ட சிறுத்தைத் தலை வீட்டில் இருக்கிறது, கல்லூரிக்குத் தருகிறேன் என்று யாராவது அன்போடு வருவார்கள். உடைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்காதீர்கள், வனத்துறையை அணுகச் சொல்லுங்கள்.

இன்னொன்று: ஆய்வக உதவியாளராக நெடுங்காலம் இருந்த அண்ணாச்சி யாராவது இருந்தால், ஓய்வு பெற்றிருந்தாலும் சரி, அவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். எந்தப் பீரோ எந்த அறையிலிருந்து வந்தது, எந்த வெள்ளத்தில் எது நனைந்தது, யார் காலத்தில் சீட்டுகளைப் புதிதாக எழுதினார்கள் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

2. ஆர்சனிக்

பழைய தோல்களின் உட்புறத்தில் ஆர்சனிக் சோப்பு தடவியிருப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இது வழக்கத்தில் இருந்தது. சிலவற்றில் பாதரசக் குளோரைடும் உண்டு. கண்ணைச் சுற்றி, அலகின் அடியில், கால் மடிப்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை என்று நினைத்து ஊதாதீர்கள். பொடி தெரியாவிட்டாலும் நஞ்சு இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

நைட்ரைல் கையுறை, என்95 முகக்கவசம், தனியாகத் துவைக்கும் மேலங்கி மூன்றும் வேண்டும். மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, வேலை முடிந்ததும் அதைச் சுருட்டிப் பையில் கட்டி, நச்சுக் கழிவு என்று எழுதிக் கல்லூரியின் வேதிக் கழிவோடு சேர்த்துவிடுங்கள். வடையும் டீயும் அந்த அறைக்குள் வரக்கூடாது. புதியவர்கள் சறுக்குவது கைபேசியில். கையுறையோடு படம் எடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றியதும் அதே கைபேசியைக் காதில் வைக்கிறார்கள். படம் எடுக்க ஒரு தனி ஆள் இருந்தால் நல்லது.

பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டை நெடி கண்ணை எரிக்கும். சன்னல்களைத் திறந்து, கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு உள்ளே போங்கள்.

3. எந்த மாதத்தில் திறப்பது

ஐப்பசி, கார்த்திகையில் திறக்காதீர்கள். நம் சமவெளியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம், காற்றில் ஈரம் ஏறியிருக்கும். நெடுங்காலம் மூடிக் கிடந்த தோல் ஈரத்தை இழுத்தால் பூஞ்சை பிடிக்கும். மாசி முதல் நல்ல காலம். தென்காசி, குற்றாலப் பக்கம் என்றால் சாரல் தொடங்கும் முன், வைகாசிக்குள் முடிப்பதாகத் திட்டமிடுங்கள்.

இழுப்பறையின் மூலையில் பழுப்பு நிறத்தில் மயிர் நிறைந்த காலிக் கூடுகள் கிடந்தால் அது தோல்வண்டுப் புழு உரித்த சட்டை. புதுத் தூளும் கூடவே இருந்தால் புழு உயிரோடு இருக்கிறது. அந்தத் தோலைத் தடித்த பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வர ஒரு முழு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் இறகின்மேல் நீர் கோத்துவிடும். பல்லுள்ள மண்டையோட்டை இப்படிச் செய்ய வேண்டாம், பல் வெடிக்கக்கூடும்.

4. எதையும் நகர்த்தும் முன் படம்

ஒவ்வோர் இழுப்பறையையும் உள்ளது உள்ளபடி மேலிருந்து படம் எடுங்கள். பீரோவுக்கு ஓர் எழுத்து, இழுப்பறைக்கு ஓர் எண், தோல் இருக்கும் இடத்துக்கு ஓர் எண் கொடுத்துத் தாளில் வரைபடம் போடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் கிடப்பவை பெரும்பாலும் ஒரே பயணத்தில், ஒரே ஆளிடமிருந்து வந்தவை. சீட்டு உதிர்ந்த ஒரு தோலின் ஊரைக் கண்டுபிடிக்க, அது யார் பக்கத்தில் கிடந்தது என்பதே ஒரே துப்பாக இருக்கலாம். இனவாரியாக அழகாக அடுக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். அப்படி அடுக்கிய பீரோவை எவராலும் பழையபடி ஆக்க முடியாது.

பறவையை எடுக்கும்போது உள்ளங்கையை முழு உடம்புக்கும் அடியில் கொடுங்கள். அலகைப் பிடித்தோ காலைப் பிடித்தோ தூக்கினால் கழுத்து கழன்று வரும். கீழே விழுந்த இறகு, நூல், சீட்டுத் துண்டு எதுவானாலும் சிறு உறையில் போட்டு, எந்த இடத்தில் கிடந்தது என்று எழுதி, அதே இழுப்பறையில் வையுங்கள்.

ஒவ்வொரு தோலுக்கும் மேற்புறம், அடிப்புறம், பக்கவாட்டு என மூன்று படம், சீட்டின் இருபுறமும் தனித்தனியாக இரண்டு படம். அளவுகோல் படத்துக்குள் வர வேண்டும். சீட்டின் பின்புறத்தை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். கண்ணின் நிறம், கால் நிறம், இரைப்பையில் என்ன இருந்தது என்பதெல்லாம் பின்புறத்தில்தான் இருக்கும். இறந்த சில மணி நேரத்தில் மாறத் தொடங்கும் நிறங்களுக்கு அந்த வரியைத் தவிர வேறு சான்று கிடையாது.

5. சீட்டை உள்ளபடி படியெடுப்பது

விரிதாளில் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு பத்தி வையுங்கள். ஒன்றில் சீட்டில் உள்ளது அப்படியே, எழுத்துப்பிழையும் சுருக்கமும் அடித்தலும் உட்பட. மற்றொன்றில் நீங்கள் புரிந்துகொண்டது. டார்வின் கோர் என்ற உலகப் பொதுத் தரவு வடிவத்திலும் இடத்துக்கும் தேதிக்கும் இப்படி உள்ளபடி எழுதும் பத்தி தனியாக உண்டு.

பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் பாலம்கோட்டா என்று படிக்கும்படி இருந்தால் முதல் பத்தியில் அப்படியே எழுதுங்கள். பாளையங்கோட்டை இரண்டாம் பத்திக்குரியது. படிக்கும்போதே திருத்திவிட்டால், நாளைக்கு உங்கள் ஊகம் தவறு என்று தெரியும்போது திரும்பிப் போக வழியில்லை. படிக்க முடியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடுங்கள், நிரப்பாதீர்கள்.

ஆண், பெண் குறியில் கவனம். வட்டத்தின் மேல் அம்பு ஆண், கீழே சிலுவை பெண். மை மங்கிய சீட்டில் அம்பும் சிலுவையும் ஒன்றுபோலத் தெரியும். பக்கத்தில் சிறிய நீள்வட்டம் வரைந்து அளவு எழுதியிருந்தால் அது பெரும்பாலும் விரையின் அளவு. அது குறியை உறுதி செய்யும், பறவை இனப்பெருக்கப் பருவத்தில் இருந்ததா என்பதையும் சொல்லும்.

பழைய சீட்டின்மேல் எதுவும் எழுதக்கூடாது, கழற்றவும் கூடாது. புதுச் சீட்டை அமிலமில்லாத தாளில் பென்சிலாலோ இந்தியன் இங்க் எனும் கரி மையாலோ எழுதிப் பக்கத்தில் கட்டுங்கள். பால்பாயின்ட் பேனா மை சில ஆண்டுகளில் பரவி மங்கிவிடும். ஒரே காலில் இரண்டு மூன்று பழைய சீட்டுகள் தொங்கினால் எல்லாவற்றையும் தனித்தனியாகப் படியெடுங்கள். எது களத்தில் கட்டியது, எது பிறகு அருங்காட்சியகத்தில் கட்டியது என்பதை நூலும் கையெழுத்தும் சொல்லும்.

6. ஒரு சீட்டில் பல எண்கள்

ஒரே சீட்டில் நான்கு விதமான எண்கள் இருக்கலாம். சேகரித்தவர் களத்தில் கொடுத்த எண், அருங்காட்சியகப் பதிவேட்டு எண், அலமாரி எண். நான்காவது, நூலில் அந்த இனத்துக்குரிய எண். பறவையியலாளர் ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலின் இன எண்களைப் பிற்காலத்தார் பலரும் சீட்டில் எழுதினார்கள்.

புதியவர்கள் இந்த நூல் எண்ணைப் பதிவேட்டு எண்ணாக எடுத்துக்கொண்டு, ஒரே எண்ணில் மூன்று தோல் இருக்கிறதே என்று குழம்புகிறார்கள். ஒரே எண் ஒரே இனத்தின் எல்லாத் தோலிலும் திரும்பத் திரும்ப வந்தால் அது நூல் எண். தேதி ஏற ஏற எண்ணும் ஏறினால் அது களத்து எண். எந்த வகை என்று உறுதியாகும் வரை எண்ணைத் தனிப் பத்தியில் விட்டுவையுங்கள்.

7. தேதி

மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது பழைய வழக்கம். ஒன்பதும் பதினொன்றும், நான்கும் ஆறும் இடம் மாறிப் படிக்கப்படுவதுதான் நான் பார்த்த பிழைகளில் அதிகம். இதைச் சோதிக்கப் பறவையே உதவும். சூறைக்குருவி நம் குளக்கரைகளுக்குக் குளிர்காலத்தில் கூட்டமாக வந்து கோடையில் வடக்கே போய்விடும். ஆறுமணிக்குருவி எனும் தோட்டக்கள்ளனும் நமக்குக் குளிர்கால விருந்தாளிதான். இவற்றின் சீட்டில் ஜூன் என்று படிக்கிறீர்கள் என்றால் அது ஏப்ரலாக இருக்கலாம், உருப்பெருக்கியில் மறுபடி பாருங்கள். அப்போதும் ஜூன்தான் என்றால் ஜூன் என்றே எழுதி, ஐயம் என்று குறியுங்கள். பறவையின் வழக்கத்தை வைத்துத் தேதியைத் திருத்துவது நம் வேலை இல்லை.

அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 5.3.31 என்பது மார்ச் 5-ஆ, மே 3-ஆ? அதே கையெழுத்தில் 12-க்கு மேற்பட்ட எண் வரும் சீட்டு ஒன்றைத் தேடினால் அவர் பழக்கம் தெரிந்துவிடும். நூற்றாண்டு இல்லாமல் 98 என்று மட்டும் இருந்தால், அச்சடித்த சீட்டின் தலைப்பும் அந்த நிறுவனம் தொடங்கிய ஆண்டும் எல்லை காட்டும்.

நெல்லைச் சீமைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கணக்குப் புத்தகத்திலோ நன்கொடைக் கடிதத்திலோ 1098 ஐப்பசி என்று பார்த்தால் மிரள வேண்டாம், அது கொல்லம் ஆண்டு. நம் பக்கம் ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824-ஐக் கூட்டுங்கள், ஜனவரி தொடங்கியதும் 825. ஆகவே 1098 ஐப்பசி 1922, அதே 1098-இன் மாசி 1923.

8. ஊர்

இங்கே நிதானமாக இருங்கள், மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

சீட்டில் திருநெல்வேலி ஜில்லா என்று மட்டும் இருந்தால் எந்த ஆண்டு என்று முதலில் பாருங்கள். 1910-க்கு முன் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் அதற்குள் அடக்கம், அந்த ஆண்டுதான் அவை புதிய இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போயின. தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் பிரிந்தன. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியில்) இருந்தது. அதனால் திருவிதாங்கூர் என்று எழுதிய ஒரு தோல் இன்றைய தென்காசி மாவட்டத்துக் காட்டிலிருந்து வந்திருக்கலாம். அசம்பு மலை (மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி) என்று எழுதியிருந்தால் மலையின் இரு பக்கமும் சாத்தியம். இன்றைய மாவட்ட வரைபடத்தை மட்டும் வைத்துப் புள்ளி குத்துகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

ஒரே பெயரில் பல ஊர். பாபநாசம் தஞ்சைப் பக்கமும் உண்டு, சிவகிரி ஈரோட்டுப் பக்கமும் உண்டு. அதே ஆள் முந்தின நாளும் மறுநாளும் எங்கே இருந்தார் என்று பார்ப்பதே இதற்கு வழி. ஓர் ஆள் சேகரித்த அத்தனை தோல்களையும் தேதி வரிசையில் அடுக்கிப் பயணப் பாதை வரையுங்கள். அம்பாசமுத்திரம், பாபநாசம், முண்டந்துறை என்று போனால் சந்தேகமில்லை. ஒரு நாள் குலசேகரப்பட்டினம், மறுநாள் மலை உச்சி என்று பாதை தாவினால், தேதி தவறு, ஊர் தவறு, அல்லது அவர் போகாமல் வேறு யாரோ கொண்டுவந்து கொடுத்தது. செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடியது 1904-இல்தான். அதற்கு முன் அந்தக் கணவாயைத் தாண்டியவர் மாட்டுவண்டி வேகத்தில் போயிருப்பார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கட்டடங்களும் உதவும். மணிமுத்தாறு அணை 1958-இல் முடிந்தது. அணைக்கட்டைக் குறிப்பிடும் சீட்டு 1930 என்று தேதி காட்டினால், அது பிற்காலத்தில் நினைவிலிருந்து எழுதியது.

ஆங்கிலேய அதிகாரி பேட் தொகுத்த 1917-ஆம் ஆண்டுத் திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடியில் (கெசட்டியர்) பழைய ஊர்ப் பெயர்களைத் தேடலாம். சர்வே ஆப் இந்தியாவின் பழைய வரைபடங்களில் திருநெல்வேலியும் குற்றாலமும் 58 எச் தாளில் வரும், தூத்துக்குடி 58 எல், ஸ்ரீவில்லிபுத்தூர் 58 ஜி. ஊர் கிடைத்ததும் ஒற்றைப் புள்ளியோடு நிறுத்தாமல், எத்தனை கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கலாம் என்பதையும் எழுதுங்கள். ஜில்லா பெயர் மட்டும் இருக்கும் தோலுக்குப் புள்ளியே வேண்டாம்.

பாடம் செய்த தலைகளுக்குத் தனி எச்சரிக்கை. பலகையில் மைசூர் என்று இருந்தால் அங்கே சுட்டது என்று எழுதிவிடாதீர்கள். விலங்குகளைப் பாடம் செய்துவந்த மைசூர் வான் இங்கன் நிறுவனத்துக்குப் பல மாகாணங்களிலிருந்தும் புலி, சிறுத்தைத் தோல்கள் பாடம் செய்யப் போயின. பாடம் செய்த ஊர் வேறு, செத்த ஊர் வேறு.

9. ஆள்

சீட்டில் உள்ள பெயர் சேகரித்தவருடையதா, நன்கொடை கொடுத்தவருடையதா, இனம் கண்டவருடையதா என்று பிரியுங்கள். மூன்றுக்கும் மூன்று பத்தி. ஜமீன்தார், கலெக்டர், பாதிரியார் பெயர் பெரிதாக இருக்கும், உண்மையில் காட்டுக்குள் போனவர் வேறொருவர்.

தோலை உரித்துப் பாடம் செய்தவர்களும் வழிகாட்டிய மலைவாழ் காணிக்காரர்களும் சீட்டில் அநேகமாக வருவதில்லை. கல்லூரிக் கணக்குப் புத்தகம், கூலிப் பட்டியல், ரசீதுக் கட்டு ஆகியவற்றில் தேடுங்கள். பஞ்சு, ஆர்சனிக், நூல் வாங்கிய செலவுக்கு அடுத்த வரியிலேயே கூலி வாங்கியவர் பெயர் கிடைக்கலாம். கிடைத்தால் அந்தத் தோல்களின் பதிவில் கட்டாயம் சேருங்கள். அந்த வேலையைச் செய்த கை அவர்களுடையது, பதிவிலும் அவர்கள் பெயர் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

கையெழுத்து மாதிரிகளை ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பெயரில்லாச் சீட்டுகளில் கணிசமானவை அதை வைத்தே தீரும்.

10. இப்போது இனம்

ஏன் இவ்வளவு தூரம் தள்ளி வைத்தேன் என்றால், ஊர் தெரியாமல் பல தோல்களை இனம் காண முடியாது. வயிறு வெளுத்த நீலச் சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, உண்மையில் ஈப்பிடிப்பான் குடும்பத்துச் சிறு பறவை) ஒன்று பழைய சீட்டில் பிராக்கிப்டெரிக்ஸ் என்ற பேரினப் பெயரில் இருக்கும். 2017-இல் அந்தக் குழுவுக்கு சோலிகோலா என்ற புதுப் பேரினம் வைத்து, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ளதைச் சோலிகோலா அசம்புயென்சிஸ் என்று தனி இனமாகப் பிரித்தார்கள். பழனி மலைத் தோலும் அகத்தியமலைத் தோலும் ஒரே இழுப்பறையில் ஒரே பெயரில் கிடந்தால், அந்தப் பிரிவின்படி அவை இரண்டு இனம். கணவாய்க்கு எந்தப் பக்கம் என்பதை ஊர்தான் சொல்லும்.

பெயர் மாற்றங்களைத் தொடர எளிய வழி, பெயரின் இரண்டாம் சொல்லைப் பிடிப்பது. கூந்தன்குளத்தில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரை 1898-இல் வெளிவந்த பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதியில் சூடோடாண்டலஸ் லியூகோசெஃபாலஸ், இன்று மைக்டீரியா லியூகோசெஃபாலா. வரையாடு ஹெமிட்ராகஸ் ஹைலோகிரியஸ் ஆக இருந்து நீல்கிரிட்ராகஸ் ஹைலோகிரியஸ் ஆனது. முதல் சொல் மாறும், இரண்டாம் சொல் பெரும்பாலும் ஈறு மட்டும் மாறி நிற்கும்.

சீட்டில் உள்ள பெயர், இன்றைய பெயர், நீங்கள் தோலைப் பார்த்துக் கண்ட பெயர் மூன்றையும் தனியாக எழுதுங்கள். மூன்றாவது முதலிரண்டோடு ஒத்துவராவிட்டால் சீட்டு இடம் மாறியிருக்கலாம். மற்றவற்றில் இல்லாத நூல், பிய்ந்து மறுபடி முடிந்த முடிச்சு உண்டா என்று பாருங்கள்.

11. பாலூட்டிகள்

பாலூட்டியில் தோல் ஓரிடம், மண்டையோடு ஓரிடம். இரண்டும் ஒரே எண்ணால் மட்டுமே இணைந்திருக்கும். எண் மண்டையோட்டின்மேல் மையால் எழுதியிருக்கும், கீழ்த்தாடையிலும் தனியாக எழுதியிருக்கும். தாடையைத் துடைக்கும்போது அந்த மையையும் சேர்த்துத் துடைத்துவிடாதீர்கள், உலர்ந்த மென்தூரிகை போதும்.

அளவுகள் தலையும் உடலும், வால், பின்பாதம், காது என்ற வரிசையில் இருக்கும். பழையவை அங்குலத்தில் இருக்கலாம், மாற்றாமல் உள்ளபடி எழுதி, மில்லிமீட்டரைப் பக்கத்துப் பத்தியில் போடுங்கள். அமெரிக்க வழக்கத்தில் முதல் எண் வாலையும் சேர்த்த மொத்த நீளம், அதைத் தலை உடல் நீளம் என்று எடுத்தால் அணில் கீரி அளவுக்குப் போய்விடும். பின்பாதத்தை நகத்தோடு அளந்தார்களா, நகமில்லாமலா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். உலர்ந்த தோலை நீங்கள் அளந்து களத்து அளவோடு ஒப்பிட வேண்டாம், தோல் சுருங்கியிருக்கும் அல்லது அடைக்கும்போது இழுபட்டிருக்கும். மண்டையோட்டு அளவு மட்டும் நம்பலாம்.

12. வெளியே தேடுவது

ஒரே ஆளின் சேகரிப்பு பல இடங்களுக்குச் சிதறியிருக்கும். 1851-இல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகம், மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம், கொல்கத்தா இந்திய விலங்கியல் ஆய்வகம், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் டிரிங் என்ற ஊரில் வைத்திருக்கும் பறவைப் பிரிவு என்று வரிசையாகப் பாருங்கள். ஆங்கிலேய அதிகாரியும் பறவையியலாளருமான ஹ்யூம் தன் பெரிய பறவைச் சேகரிப்பை 1885-இல் லண்டனுக்குக் கொடுத்துவிட்டார், அவருக்காகத் தென்னிந்தியாவில் சேகரித்தவர்களின் தோல்களும் அங்கேதான். மும்பைக் கழகம் 1911-இல் தொடங்கிய பாலூட்டிக் கணக்கெடுப்பின் அறிக்கைகள் அதன் இதழில் தொடராக வந்தன. பழைய இதழ்களைப் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

உலக அருங்காட்சியகங்களின் உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் தளத்தில் தேடும்போது இன்றைய ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் ஆங்கிலேயர் கால எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள். களத்து எண் தொடர் உங்களிடம் 40-இல் நின்று அங்கே 41-இல் தொடங்கினால், தேடிய ஆள் கிடைத்துவிட்டார். அந்த அருங்காட்சியகத்துக்கு எழுதும்போது சீட்டின் இருபுறப் படத்தையும் கையெழுத்து மாதிரியையும் இணைத்து, ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி என்று கேளுங்கள், பதில் சீக்கிரம் வரும்.

யாராவது மரபணு ஆய்வுக்குக் கால் விரலடித் துணுக்கு கேட்டால் நீங்களாக வெட்டிக் கொடுக்காதீர்கள். கல்லூரி எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், வெட்டிய இடம், தேதி, வாங்கியவர் ஆகியவை பதிவேட்டில் ஏற வேண்டும்.

13. ஒப்படைப்பது

விரிதாளும் படங்களும் கல்லூரி நூலகத்தில் ஒரு படி, துறையில் ஒரு படி, வெளியே இணையக் களஞ்சியத்தில் ஒரு படி. இதோடு, அச்சிட்ட பட்டியலைப் பாலித்தீன் உறையில் போட்டு அந்தந்தப் பீரோவுக்குள் வையுங்கள், கணினி மாறினாலும் அது இருக்கும். பீரோக் கதவின் வெளிப்புறத்தில் ஆர்சனிக் எச்சரிக்கையைத் தமிழில் பெரிதாக ஒட்டுங்கள், பெருக்க வருகிறவர்களும் படிக்கும்படி.

தீராத தோல்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். எதைப் பார்த்தீர்கள், எங்கே தேடினீர்கள், எந்த இடத்தில் நின்றது என்பதை ஒவ்வொன்றுக்கும் எழுதி, உங்கள் பெயரும் தேதியும் இட்டு, அதையும் அதே உறைக்குள் வைத்துவிடுங்கள். அடுத்து வருகிறவர் அங்கிருந்து தொடங்கலாம்.